மாங்காய் எப்படி மேங்கோ ஆனது? கேள்வி பதில்

கிருஷ்ணகிரியில் மாங்காய் சீசன் வந்துவிட்டது. மண்டிப் பக்கம் போனால் ரகப் பெயரும் விலையும்தான் காதில் விழுகிறது. இந்தச் சமயத்தில் ‘மேங்கோ’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சார், மேங்கோ தமிழிலிருந்து போனதா, மலையாளத்திலிருந்து போனதா? இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். (கல்லூரி மாணவி, காவேரிப்பட்டணம்)

நேராகப் போனது மலையாளக் கரையிலிருந்துதான் அம்மா. 1498இல் வாஸ்கோ ட காமா வந்து இறங்கியது கோழிக்கோட்டுப் பக்கம். அங்கே ‘மாங்ங’ என்பார்கள். போர்த்துக்கீசியர் அதை ‘மங்கா’ என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வழியாக 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குப் போய், பிறகு ‘மேங்கோ’ என்று நிலைத்தது.

ஆனால் மாங்ங வேறு, மாங்காய் வேறு இல்லை. மா என்பது மரம். சில மரப்பெயர்களுக்குப் பின் காய் வந்தால் நடுவில் மெல்லெழுத்து தோன்றும்: மா + காய் = மாங்காய், விளா + காய் = விளாங்காய். நம் தேங்காய் மலையாளத்தில் தேங்ங ஆவதுபோல மாங்காய் மாங்ங ஆகிறது. இரண்டு மொழிக்கும் பொதுவான சொத்து இது. இதில் சண்டைக்கே இடமில்லை.

நாங்கள் காயை மாங்காய் என்போம், பழுத்தால் மாம்பழம். வெள்ளைக்காரன் பழத்துக்குப் போய் காயின் பெயரை வைத்திருக்கிறானே, ஏன் ஐயா? (மாந்தோப்பு வைத்திருப்பவர், போச்சம்பள்ளி)

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பெரும்பாலோர் இதைக் கவனிப்பதே இல்லை.

முதல் காரணம், மலையாளக் கரையில் பழுத்ததையும் மாங்ங என்று சொல்வது உண்டு. கேட்டவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இங்கிலாந்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தது உண்மையிலேயே காய்தான். அப்போது கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போக வேண்டும், பல மாதப் பயணம். பறித்து ஒரு வாரத்தில் பழம் என்ன கதியாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கெடாமல் போய்ச் சேரக்கூடியது ஊறுகாய் மட்டும்தான். அதனால் 17ஆம் நூற்றாண்டு லண்டன்காரர் ‘மேங்கோ’ என்று தட்டில் பார்த்தது மாங்காய் ஊறுகாயை. மரத்தையும் பார்த்ததில்லை, பழத்தையும் பார்த்ததில்லை.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. கப்பலில் வந்த ஊறுகாய் விலை அதிகம். அதனால் வெள்ளரி, முலாம்பழம் போன்றவற்றைக் குடைந்து, உள்ளே கடுகு, பூண்டு என்று அடைத்து, வினிகரில் ஊறப்போட்டு அதே மாதிரி செய்து பார்த்தார்கள். அதற்கும் மேங்கோ என்றே பெயர். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் ‘மேங்கோ செய்வது’ என்றால் இப்படி ஊறுகாய் போடுவது. நம் மாங்காய் அங்கே வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது!

என் அண்ணன் அமெரிக்காவில் ஒஹாயோவில் இருக்கிறார். பக்கத்து வீட்டுப் பாட்டி குடைமிளகாயை மேங்கோ என்கிறாராம். தெரியாமல் சொல்கிறாரா? (ஓசூர்)

தெரிந்துதான் சொல்கிறார் தம்பி. மேலே சொன்னதன் தொடர்ச்சி இது. குடியேறியவர்களோடு அந்த ஊறுகாய்ப் பழக்கமும் அமெரிக்கா போனது. குடைந்து அடைப்பதற்குக் குடைமிளகாய் ரொம்ப வசதி. நாளடைவில் ஊறுகாயின் பெயர் ஊறப்போடாத குடைமிளகாய்க்கே ஒட்டிக்கொண்டது. ஒஹாயோ, இண்டியானா, பென்சில்வேனியா பக்கங்களில் வயதானவர்கள் வாயில் இந்தப் பெயர் இன்றும் உண்டு. அண்ணனிடம் சொல்லுங்கள், அந்தப் பாட்டி பேசுவதில் நம்மூர் மாங்காய் இருக்கிறது.

எங்கள் வீட்டில் தெலுங்கு, பக்கத்து வீட்டில் கன்னடம். மாமிடி, மாவு, இந்தியில் ஆம். எல்லாம் ஒரே வேரா? (வேப்பனப்பள்ளி)

மா, மாவு, மாமிடி மூன்றிலும் ‘மா’ கேட்கிறதல்லவா? இந்தியின் ‘ஆம்’ சமஸ்கிருத ‘ஆம்ர’ வழி வந்தது. மராத்தியில் ஆம்பா. இத்தாலியிலிருந்து வந்த வர்த்தேமா என்ற பயணி 1510இல் வெளிவந்த தன் நூலில் பழத்துக்கு ‘அம்பா’ என்றும் மரத்துக்கு ‘மங்கா’ என்றும் எழுதியிருக்கிறார். இரண்டு பெயரையும் ஒருவரே கேட்டு, ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

மலேசியாவில் ‘மெம்பெலாம்’ என்று கேட்டேன். மாம்பழம்தானே? (பர்கூர்)

அதேதான். மங்கா மேற்கே போனது, மாம்பழம் கிழக்கே போனது. மலாயில் ‘மங்கா’வும் உண்டு. அதனால் மேங்கோ மலாய்ச் சொல் என்று சிலர் நினைத்தார்கள். 1886இல் வந்த, இந்தியாவில் ஆங்கிலேயர் பேச்சில் புழங்கிய சொற்களுக்கான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி அதை மறுத்து, பழமும் பெயரும் தென்னிந்தியாவிலிருந்தே அங்கே போயின என்று எழுதியது.

மேங்கோஸ்டீன், மேங்குரோவ் இரண்டும் மேங்கோவிலிருந்து வந்தவையா? (பத்தாம் வகுப்பு மாணவர், ஊத்தங்கரை)

இல்லை. மேங்கோஸ்டீன் மலாய்ச் சொல். மேங்குரோவ், அதாவது அலையாத்தி மரத்தின் பெயர், அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடி மொழி ஒன்றிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. ஆனால் உங்கள் பாடப்புத்தகத்தில் மாமரத்தின் அறிவியல் பெயராக வரும் ‘மேங்கிஃபெரா இண்டிகா’ நம்முடையது. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர், ‘மேங்கோ தரும் இந்திய மரம்’ என்று பொருள்.

மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகிற பெங்களூரா ரக மாங்காயைத் தோத்தாபுரி என்கிறார்களே, அது எந்த ஊர்? (கிருஷ்ணகிரி)

ஊர் தேட வேண்டாம். இந்தியில் தோத்தா என்றால் கிளி. நாம் கிளிமூக்கு என்பதும் அந்த வளைந்த நுனியைப் பார்த்துத்தான்.