டேஷ்போர்டுக்குள் யார் தட்டுவது? கார் ஹீட்டர், ஏசி சத்தம்: கேள்வி பதில்

நாகர்கோவிலில் கார் ஏசி வேலை பார்க்கிறேன். நம்ம மாவட்டத்தில் எதுக்குய்யா ஹீட்டர் என்று சிரிக்க வேண்டாம், ஊட்டிக்கும் மூணாறுக்கும் போய்த் திரும்பிய வண்டிகள்தான் சத்தத்தோடு என்னிடம் வருகின்றன. வருஷம் முழுக்கத் தொடாத அந்தத் திருகை அங்கே போய்த்தான் திருப்புகிறார்கள். கேட்பதற்கு முன்னால் ஒன்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். சத்தம் எதோடு சேர்ந்து கூடுகிறது? ஃபேன் ஸ்பீடைக் கூட்டினாலா, ஆக்ஸிலேட்டரை மிதித்தாலா, இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் தன்பாட்டுக்கு வருகிறதா? "ஒரு மாதிரி சத்தம் வருது அண்ணே" என்று மட்டும் எழுதினால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

குலசேகரத்துக்காரர்: அண்ணே, ஃபேனைப் போட்டதும் டடடடவென்று அடிக்கிறது, ஸ்பீடு கூட்டினால் வேகமாக அடிக்கிறது. ஏசி போட்டாலும் ஹீட்டர் போட்டாலும் ஒன்றுதான். வீடு ரப்பர் தோட்டத்துக்குள்.

பதில்: வீடு எங்கே என்று சொன்னதிலேயே பதில் இருக்கிறது. முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் இடத்தில் கருப்பாக ஒரு ஜாலி இருக்கும், வெளிக்காற்று அது வழியாகத்தான் உள்ளே போகிறது. டிசம்பரில் இருந்து பிப்ரவரி வரை ரப்பர் இலை கொட்டும்போது மரத்தடியில் வண்டியை நிறுத்தினால் சருகு அங்கே சேரும், பொடிந்து உள்ளே இறங்கும். ஃபில்டர் இருக்கும் வண்டியில் அது தடுத்துவிடும், ஃபில்டர் இல்லாததிலும் கிழிந்ததிலும் நேராக ப்ளோயர் விசிறிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பெரும்பாலான வண்டிகளில் ப்ளோயர் இடதுபக்க சீட்டுக்கு முன்னால், கிளவ் பாக்ஸுக்குக் கீழேயோ பின்னாலேயோ இருக்கும். சாவியை எடுத்துவிட்டு, மூன்று ஸ்குரூ கழற்றி இறக்கிப் பாருங்கள். சருகு இல்லாமல் கீச்சென்று வந்தால் மோட்டார் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். எண்ணெய் விட்டால் பத்து நாள் ஓடும், அவ்வளவுதான்.

தக்கலை அக்கா: தம்பி, வண்டி கிளம்பியதும் டேஷ்போர்டுக்குள் ஓடைத் தண்ணீர் ஓடுகிற மாதிரி களகளவென்று கேட்கிறது. ஆக்ஸிலேட்டர் மிதித்தால் அதிகம். மூணாறு போனபோது ஹீட்டரில் சூடும் சரியாக வரவில்லை.

பதில்: நல்லாக் கேட்டீங்க அக்கா, இதைத்தான் விரிவாக எழுத வேண்டும். பெட்ரோல், டீசல் கார் ஹீட்டரில் பெரும்பாலும் கரண்ட் சூடு கிடையாது. இன்ஜினைச் சுற்றி வரும் சூடான ரேடியேட்டர் தண்ணீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்குள் போய் வருகிறது, ப்ளோயர் அதன் வழியாகக் காற்றை ஊதுகிறது, அவ்வளவுதான் ஹீட்டர். அந்தத் தண்ணீர், அதாவது கூலண்ட், குறைந்தால் உள்ளே காற்று புகுந்து, மேடான இடமான அந்தக் குட்டி ரேடியேட்டரில் போய்த் தங்கும். உங்களுக்குக் கேட்பது அந்தக் காற்றைத் தண்ணீர் தள்ளுகிற சத்தம்.

காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் வண்டியை மூக்கு மேலே இருக்கிற மாதிரி மேட்டில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்து குமிழி அடங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். ஊற்றுவது கூலண்ட், இல்லாவிட்டால் அதோடு கலந்த டிஸ்டில்டு வாட்டர். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், போர் தண்ணீரும் வேண்டாம், ஹீட்டரின் மெல்லிய குழாய்களில் உப்புப் படிந்து அடைத்துவிடும்.

இரண்டு வாரத்தில் மறுபடியும் களகள கேட்டால் ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள். எங்கேயோ ஒழுகுகிறது. உள்ளே இனிப்பு வாசனையும் கண்ணாடியில் பிசுபிசுப்பும் இருந்தால் ஹீட்டர்தான். வெளியே ஒழுகாமல் குறைந்தால் இன்ஜினின் மேல் பாகத்துக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும், அது என் கடை வேலை இல்லை.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும் தண்ணீர், மூடி திறந்த அந்த நொடியே ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

குளச்சல் தம்பி: சாவி போட்டதும் உள்ளே டக் டக் டக் என்று பத்து தடவை, அப்புறம் நின்றுவிடும்.

பதில்: டேஷ்போர்டுக்குள் காற்றைச் சூட்டுக்கும் குளிருக்கும் மாற்றிவிடும் குட்டிக் கதவைத் திருப்புகிற சின்ன மோட்டாரில் பிளாஸ்டிக் பல் உடைந்திருக்கும். மோட்டாரை மாற்றுங்கள்.

இரணியல்: அண்ணே, ஹீட்டர் போட்டால் களகள...

பதில்: மேலே தக்கலை அக்காவுக்கு எழுதியதைப் படிங்க.

மார்த்தாண்டம்: எல்லாவற்றுக்கும் கூலண்ட் என்கிறீர்கள். நம்ம வெயிலுக்கு தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டால் இன்ஜின் எப்போதும் குளிர்ச்சியாக இருக்கும், எங்க மெக்கானிக் எல்லா வண்டிக்கும் அதைத்தான் செய்கிறார்.

பதில்: வந்துவிட்டது! மூணாறில் சூடு வராத வண்டிகளில் பாதிக்கு இதுதான் காரணம். இன்ஜினுக்குத் தேவை குளிர்ச்சி இல்லை, சரியான சூடு. ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும் அந்த வால்வு பெரும்பாலும் 82இல் இருந்து 88 டிகிரிக்குள் திறக்கிற மாதிரி வைத்திருப்பது அதற்குத்தான். அதைக் கழற்றினால் இன்ஜின் இன்னும் ஆறிக் கிடப்பதாக நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி விடும், மைலேஜ் போகும், ஆயிலில் ஈரம் தங்கிக் கசடாகும்.

மார்த்தாண்டம்: எங்க மாமா ஜீப் 15 வருஷம் வால்வு இல்லாமல் ஓடியது.

பதில்: பழைய டீசல் ஜீப் எதையும் பொறுத்துக்கொள்ளும் மக்கா. இப்போதைய வண்டியில் சென்சார் இருக்கிறது. இன்னொன்று, சில இன்ஜின்களில் வால்வு திறக்கும்போதுதான், தண்ணீர் இன்ஜினுக்கே திரும்பும் பைபாஸ் வழி மூடும். வால்வையே எடுத்துவிட்டால் பாதித் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், குளிர்ச்சிக்காகக் கழற்றிய வண்டி சூடாகி நிற்கும்.

கருங்கல்: அவர் சொல்வது சரிதான் அண்ணே, வால்வு மூடிய நிலையில் மாட்டிக்கொண்டால் வழியில் இன்ஜின் போய்விடுமே?

பதில்: போகும். அதனால் பழுதானதைப் புதிதாக மாற்று என்கிறேன், கதவு பழுது என்று வீட்டைக் கதவில்லாமல் விடுவோமா? தொழில் கற்ற காலத்தில் நானும் கழற்றிப் போட்டவன்தான், அந்தக் கஸ்டமர் கொடைக்கானலில் நடுங்கிக்கொண்டே போன் போட்டுத் திட்டியபோது விட்டேன். இனி இதைப் பற்றி எழுத மாட்டேன்.

முட்டம்: வளைவில் திரும்பினால் உள்ளே சளக் என்கிறது, இடதுபக்க கார்பெட் நனைந்திருக்கிறது. ஹீட்டர் ஒழுகலா?

பதில்: விரலில் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பும் நிறமும் இருந்தால் ஹீட்டர். வெறும் தண்ணீர் என்றால் ஏசித் தண்ணீரை வெளியே விடும் டிரெய்ன் பைப் அடைத்திருக்கிறது, சல்லிக் காசு செலவில்லை.

திங்கள்நகர்: ஏசியை அணைத்ததும் ஸ்ஸ் என்கிறது.

பதில்: கேஸ் அழுத்தம் சமமாகிற சத்தம். விடுங்க.

பூதப்பாண்டி: பிரேக் போட்டால் கீச்...

பதில்: ஏசிக்காரனிடம் பிரேக்கா!

களியக்காவிளை: ஹீட்டர் போட்டால் தண்ணீர் ஓடுகிற மாதிரி...

பதில்: தக்கலை அக்கா. தக்கலை அக்கா. சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள்.

குலசேகரத்துக்காரர்: அண்ணே, ப்ளோயரை இறக்கிப் பார்த்தேன். சருகு இல்லை, இரண்டு ரப்பர் கொட்டையும் கொஞ்சம் பஞ்சும்.

பதில்: கொட்டை தானாக அங்கே போகாது, அது எலி. பானெட்டைத் திறந்து ஒயரெல்லாம் முழுசாக இருக்கிறதா பாருங்க, இன்றைக்கே.