கும்பகோணம் பக்கம் பழைய ஓட்டு வீட்டைப் புதுப்பிக்க நம்பகமான கொத்தனாரை எப்படித் தேடுவது?

அந்த நாலு லட்சம் அட்வான்ஸைக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம்.

அப்பா காலத்து ஓட்டு வீடு, கீழ்ச்சுவரெல்லாம் ஓதம், நீங்கள் இருப்பது பெங்களூரில், வந்து பார்த்த கான்ட்ராக்டர் பொருளோடு சேர்த்து 12 லட்சம் என்கிறார், அதில் நாலு லட்சத்தை முதலிலேயே கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அச்சு அசலாக இதே நிலையில் சில வருடங்களுக்கு முன் நான் நின்றேன். எங்கள் வீடு குடவாசலுக்கும் வலங்கைமானுக்கும் நடுவில். திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று தாத்தா கட்டியது. அம்மா அங்கே தனியாக இருந்தார், நான் சென்னையில் வேலை பார்த்தேன்.

உறவில் ஒருவர் கைகாட்டிய ஆள் வந்தார். மற்றவர்கள் சொன்னதைவிடக் குறைந்த விலை. பழைய சுண்ணாம்புப் பூச்சை உதிர்த்துவிட்டு, "நல்லா சிமென்ட்டாவே பூசிடுவோம்மா, இனிமே ஓதம்ங்கிற பேச்சே இருக்காது" என்றார். பூசினார், பெயின்ட்டும் அடித்தார். சித்திரையில் பார்க்கக் கல்யாண வீடு மாதிரி இருந்தது. அந்த வருட மழைக்குப் பிறகு, அதுவரை முழங்கால் உயரத்தில் நின்ற ஓதம் இடுப்புக்கு ஏறிவிட்டது. தை மாதம் நான் போனபோது கூடத்துச் சுவர் அங்கங்கே உப்பியிருந்தது. விரலால் தட்டினேன், பொள்ளல் சத்தம். கொஞ்சம் நெம்பியதும் பூச்சு வறட்டி மாதிரி ஒரே துண்டாகக் கையோடு வந்தது. அதன் பின்பக்கம் பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளை வெளேரென்று உப்பு. அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். செய்த ஆளுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய பணத்தை நான் வேலை முடியும் முன்பே முழுவதும் கொடுத்திருந்தேன்.

அதை உரித்துச் சரிசெய்தவர், கோயில் மதில் வேலை பார்த்துப் பழகிய வயதான கொத்தனார் ஒருவர். சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "பாப்பா, இந்தச் சுவருக்கு வேர்க்கும். நீங்க அதுக்கு மழைக்கோட்டு மாட்டிவிட்டுட்டீங்க" என்றார். விஷயம் இவ்வளவுதான். நம் பக்கத்துப் பழைய வீடுகள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. அஸ்திவாரத்துக்கு மேலே ஓதம் ஏறாமல் தடுக்கும் பட்டை அவற்றில் கிடையாது. மண்ணோ களி. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் நிலத்தடி நீரும் மேலே வந்து நிற்கும். செங்கல் அதை உறிஞ்சி மேலே இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் ஈரம் அதன் வழியே காய்ந்து வெளியேறிவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. அதனால் ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறுகிறது. கூடவே வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் தங்கிப் படிந்து, பூச்சைத் தள்ளிவிடுகிறது.

எனவே வருகிற ஆளிடம் விலை பேசுவதற்கு முன், இந்தச் சுவர் எதில் கட்டியது என்று கேளுங்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல் இடுக்கை ஆணியால் சுரண்டிப் பார்ப்பவர் வேலை தெரிந்தவர். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் சுண்ணாம்பு, மண்ணாகவே வந்தால் களிமண் சாந்து, ஆணி வழுக்கினால் சிமென்ட். நீங்களே செய்து பார்க்கலாம். சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் 12 லட்சம் என்று சொன்னவர் எதைக் கணக்குப் போட்டுச் சொன்னார்?

எங்கள் வீட்டில் அந்தக் கொத்தனார் செய்தது நிதானமான வேலை. கொல்லையில் குழி வெட்டிக் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் விட்டார். உலை கொதிப்பதுபோல் கொதித்தது, கிட்டே யாரையும் விடவில்லை. கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும், குழந்தைகள் இருந்தால் கவனம். அதைச் சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி மூன்று வாரம் ஊறப்போட்டார். அதுவரை சுவர் உரித்த மேனிக்குக் காய்ந்தது. இடையில் வீட்டைச் சுற்றி ஏறியிருந்த மண்ணை ஒரு அடி ஆழம் வெட்டி எடுக்கச் செய்து, தாழ்வாரத் தண்ணீர் சுவரோரம் விழாமல் வாய்க்காலுக்குப் போக வழி செய்தார். அப்புறம்தான் பூச்சு. ஓதம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். முழங்காலுக்குக் கீழேயே நிற்கிறது, பூச்சு உதிரவில்லை. அம்மா கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறார்.

சரி, இப்படிப்பட்ட ஆளை எப்படித் தேடுவது? ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு பெயர் சொல்வார்கள். அதோடு நிறுத்தாமல், அந்த ஆள் வேலை செய்து முடித்து இரண்டு மழைக்காலமாவது கடந்த வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். போன மாதம் முடித்த வீடு உங்களுக்கு எதையும் சொல்லாது. தீபாவளிக்கு ஊருக்கு வருவீர்கள் அல்லவா, அதுதான் சரியான நேரம். ஐப்பசி மழை பெய்துகொண்டிருக்கும்போதே போய்ப் பாருங்கள். கழிப்பறைச் சுவரின் மறுபக்கம், மாடிப்படிக்கு அடியில், ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு சுவரோடு சேரும் இடம், கூரை ஓடும் சுவரும் சேரும் இடம், இந்த நாலையும் பார்த்தால் போதும். அந்த வீட்டு அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வேலை முடிந்த பிறகு ஏதாவது கோளாறு என்று கூப்பிட்டால் வந்தாரா? அந்த வீட்டில் தினமும் புழங்குகிறவர் அவர். நாம் போய்ப் பார்க்கும் அரைமணி நேரத்தில் தெரியாதது அவருக்குத் தெரியும்.

அந்த ஆளிடம் வேலை செய்கிற பெரியாள், சித்தாள்களிடமும் பேச்சுக் கொடுங்கள். சனிக்கிழமை கூலி சனிக்கிழமையே கைக்கு வருகிறதா என்று கேளுங்கள். கூலி ஒழுங்காகக் கொடுப்பவரிடம்தான் நல்ல கைகள் நிலைத்து நிற்கும். இல்லாவிட்டால் நடவு ஆரம்பித்ததும் சித்தாள்கள் வயலுக்குப் போய்விடுவார்கள், உங்கள் வேலை பாதியில் நிற்கும். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்த அட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள். 1994லிருந்து இருக்கிற வாரியம் அது. சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் அந்தக் குடும்பத்துக்கு உதவி கிடைக்க அந்தப் பதிவு வேண்டும். உங்கள் வீட்டு வேலையில் நிற்பவர்கள், அதனால் இது உங்கள் கவலையும்தான்.

பணத்துக்கு வருவோம். உங்கள் மாதிரி பழைய வீட்டுக்குப் பொருளோடு மொத்தக் கான்ட்ராக்ட் வேண்டாம் என்பது என் கருத்து. பிரித்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். மொத்த விலைக்கு ஒத்துக்கொண்டவர் ஓட்டைத் தாங்கும் கைமரம் கரையான் அரித்திருப்பதைப் பார்த்தால் மாற்றுவாரா, மூடுவாரா? பொருளை நீங்கள் வாங்கிக் கொடுத்து, வேலைக்கு மட்டும் கூலி பேசுங்கள். நாலு லட்சத்துக்குப் பதிலாக முதல் வாரக் கூலியும் சாரத்துக்கான செலவும் முன்பணமாகக் கொடுத்தால் போதும். மற்றபடி வேலை முடிய முடியப் பணம். கடைசியில் பத்தில் ஒரு பங்கை அடுத்த கார்த்திகை வரை நிறுத்திவைப்பதாக முதலிலேயே சொல்லிவிடுங்கள். தன் வேலைமேல் நம்பிக்கை உள்ளவர் முணுமுணுத்தாலும் ஒப்புக்கொள்வார். எங்கள் கொத்தனார், "வச்சுக்குங்க பாப்பா, மழை விட்டதும் வந்து வாங்கிக்கிறேன்" என்றார். வந்து வாங்கிக்கொண்டார்.

பேசியதை எல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தகராறு வருவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான்: பூச்சுக்குச் சதுர அடி கணக்கிடும்போது கதவு, ஜன்னல் இடத்தைக் கழிப்பார்களா, சாரம் யாருடையது, இடிபாட்டை யார் அள்ளுவது, வயருக்குச் சுவரில் காடி வெட்டினால் திரும்பப் பூசுவது யார், தண்ணீர் தெளிப்பது யார். முக்கியமாக, பிரித்தெடுக்கும் பழைய பொருள் யாருக்கு? தூண், நிலை, கதவு, உத்தரம், கருங்கல் எல்லாவற்றையும் எண்ணிப் படம் எடுத்து வையுங்கள். காரைக்குடியில் பழம்பொருள் கடைகளில் ஒரு தேக்குத் தூண் என்ன விலை போகிறது என்று ஒரு தடவை விசாரித்துவிட்டு வந்தால், "கழிவெல்லாம் நான் எடுத்துக்கிறேன்" என்று யாராவது சொல்லும்போது சரியாகப் பதில் சொல்வீர்கள். அந்தக் கையெழுத்துத் தாள் இருந்தால், ஏமாற்றப்பட்டாலும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வீடு கட்டும் வேலையும் 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவையாகவே வருகிறது.

பொருளில் இரண்டு மட்டும் சொல்கிறேன். மணல் வந்து இறங்கியதும் ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், முக்கால் வரை தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மேலே வண்டல் ஒரு படலமாகப் படியும். அது மணலின் உயரத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேல் இருந்தால் லாரியைத் திருப்பி அனுப்பலாம். அடுத்தது தண்ணீர். உங்கள் ஊரில் பிரச்சினை இருக்காது, ஆனால் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இதைப் படிப்பவர்கள் போர்வெல் தண்ணீரைச் சோதித்துவிட்டுத்தான் கான்கிரீட்டுக்குப் பயன்படுத்த வேண்டும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது. மீறினால் உள்ளே கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் வெடிக்கும்.

எப்போது ஆரம்பிப்பது? மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவார்கள். நம் மண் உலர்வது அணை மூடியதிலிருந்து மறுபடி திறக்கும் வரையுள்ள மாதங்களில்தான். ஆகவே ஐப்பசியில் ஆளைப் பாருங்கள், கார்த்திகையில் பேசி முடியுங்கள், பொங்கல் கழித்து வேலை தொடங்கட்டும், கூரை ஓடுகளை மாசியில் பிரியுங்கள். ஆடிக்குள் கூரை மூடியிருக்க வேண்டும். தையில் எல்லாரும் வேலை தொடங்குவதால் அப்போது தேடினால் நல்ல ஆள் கிடைக்க மாட்டார்.

சுவரில் விரிசல் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை யாரும் உடனே சிமென்ட் வைத்து அடைக்க விடாதீர்கள். களிமண் ஈரத்தில் உப்பும், கோடையில் சுருங்கும், சுவரும் அதனோடு அசையும். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மழையில் ஒரு முறையும் சித்திரையில் ஒரு முறையும் பாருங்கள். மாறி மாறித் திறந்து மூடினால் மண்ணின் வேலை, சுண்ணாம்புச் சாந்தில் அடைத்தால் போதும். கோட்டைத் தாண்டி நீண்டுகொண்டே போனால் கட்டட இன்ஜினியர் ஒருவரைத் தனியாகக் கூலி கொடுத்து அழைத்துக் காட்டுங்கள். அவர் கான்ட்ராக்டரின் ஆளாக இருக்கக் கூடாது.

தெருவில் ரோட்டை மேல மேலப் போட்டு உயர்த்தியதில் எங்கள் திண்ணை இப்போது ரோட்டுக்குச் சமமாக இருக்கிறது. உங்கள் வாசல் ரோட்டைவிட எவ்வளவு பள்ளம், ஓதம் தரையிலிருந்து எத்தனை அடி ஏறியிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். சுவரை எதுவரை உரிக்க வேண்டியிருக்கும் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.