வவுச்சர் வாங்கறதுக்கு முன்னாடி அந்த பேப்பர படிங்க

சிங்கப்பூர் செங்காங்ல இருந்து ஒரு வாசகி எழுதியிருக்காங்க, சுருக்கி போடறேன்:

"அக்கா, கல்யாண நாளுக்கு நானும் வீட்டுக்காரரும் மலேசியாவுல கேமரன் மலைக்கு மூணு நாள் போனோம். தேக்கா பக்கம் ஒரு ஏஜென்ட்கிட்ட ரெண்டு பேருக்கும் சேர்த்து 1,180 வெள்ளி பேக்கேஜ். மாஸி ஃபாரஸ்ட்ல (பாசி படர்ந்த மலைக்காடு) நடை, ஏடிவி வண்டி (கரடுமுரடான பாதையில ஓட்டற நாலு சக்கர பைக்), தேயிலை தோட்டம், ஒரு ராத்திரி கரி அடுப்பு ஸ்டீம்போட் (மேசையிலயே சூப் கொதிக்க வச்சு சாப்பிடறது)னு போட்டிருந்தாங்க. பர்மிட் எடுக்கலன்னு மாஸி ஃபாரஸ்டுக்கு கூட்டிட்டு போகல, ஸ்டீம்போட்டுக்கு பதிலா ரெண்டு பொட்டலம் ஃப்ரைட் ரைஸ். ஏடிவில இறக்கத்துல பிரேக் பிடிக்காம கவுந்து எனக்கு இடது மணிக்கட்டு ஒடிஞ்சிருச்சு. பிரேக் லூசா இருக்குன்னு கிளம்பறப்பவே வீட்டுக்காரர் சொன்னார், கைட் 'ஓகே லா, மெதுவா போங்க'ன்னுட்டான். ஏடிவி இடத்துல சொந்த ரிஸ்க்னு ஒரு பேப்பர்ல கையெழுத்தும் வாங்கியிருக்காங்க. இப்ப ஏஜென்ட் 200 வெள்ளி வவுச்சர் தரேன், வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து போட்டு வாங்கிக்கங்கன்னு சொல்றார். வாங்கலாமா?"

வாங்காதீங்க மா. நீங்க அனுப்பின ஃபோட்டோவ பெருசாக்கி பார்த்தேன், வவுச்சர் ரசீதுக்கு கீழ பொடி எழுத்துல இந்த பயணம் சம்பந்தமான எல்லா கோரிக்கையும் இதோட முழுசா, இறுதியா தீர்ந்ததுன்னு இருக்கு. அது ரசீது இல்ல, சமரச ஒப்பந்தம். ஃப்ரைட் ரைஸுக்கு சமாதானம்னு நெனச்சு நீங்க போடற கையெழுத்து மணிக்கட்டையும் சேர்த்து வித்துரும், அப்புறம் நான் தெரியாம போட்டேன்னு சொன்னா கோர்ட்ல லேசுல எடுபடாது.

உங்க மனசுல இது எல்லாம் ஒரே கோவமா இருக்கு, ஆனா சட்டத்துக்கு இது ரெண்டு விஷயம், ரெண்டுக்கும் வேற வேற வாசல்.

முதல்ல சாப்பாடும் காடும். சொன்னத தரல, அவ்வளவுதான், ஒப்பந்த மீறல். சாப்பாட்டுக்கெல்லாம் கேஸான்னு உங்க மாமியார் சிரிச்சாங்கன்னு எழுதியிருக்கீங்க, அவங்களுக்கு இத சொல்லுங்க. இங்கிலாந்துல ஒரு வக்கீல், ஆமா எங்க ஆளுதான், சுவிட்சர்லாந்து பனிமலைக்கு 63 பவுண்டு 45 பென்ஸ் கொடுத்து ரெண்டு வாரம் போனார். சுவிஸ் கேக்குன்னு சொன்ன இடத்துல சிப்ஸும் காஞ்சு போன நட் கேக்கும், மலைப்பாட்டு பாட வந்தவர் வேலை பார்த்த உடுப்போடயே வந்து நாலஞ்சு பாட்டு அவசரமா பாடிட்டு போயிட்டார், ரெண்டாவது வாரம் தங்குற வீட்டுல இவர தவிர ஆளே இல்ல. 1972ல அப்பீல் கோர்ட் 125 பவுண்டு கொடுக்க சொல்லிச்சு, அதாவது கட்டின காசுல ஏறக்குறைய ரெண்டு மடங்கு, ஏன்னா விடுமுறைனு விக்கிறவன் சந்தோஷத்ததான் விக்கிறான், அது கெட்டுப்போனா அதுக்கும் விலை உண்டு. நம்ம ஊர்லயும் இந்த வாதத்த வைக்கலாம்.

ஆனா 1,180ஐயும் முழுசா கேக்காதீங்க. தங்கினீங்க, தேயிலை தோட்டத்துல ஸ்கோன் சாப்பிட்டு ஃபோட்டோ எடுத்தீங்க, எனக்கே அனுப்பியிருக்கீங்க. நடக்காத நடை, வராத ஸ்டீம்போட், கூட ஏமாற்றத்துக்கு ஒரு நியாயமான தொகை, இந்த மாதிரி கேட்டா நீதிபதி காது கொடுப்பார். மாஸி ஃபாரஸ்ட வனத்துறையே மூடி வச்சிருந்தா கதை வேற, இங்க பர்மிட் எடுக்காம விட்டது ஏஜென்ட் பக்கத்து தப்பு.

இதுக்கு வாசல் ஸ்மால் கிளெய்ம்ஸ், அதாவது சின்ன தொகை வழக்குகளுக்கான நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரைக்கும் எடுப்பாங்க, உங்க மாதிரி 5,000க்கு உள்ள கேட்டா ஃபீஸ் வெறும் 10 வெள்ளி, ஆன்லைன்லயே போடலாம், வக்கீல் உள்ள வரக்கூடாது (எனக்கு வருமானம் இல்லாத இடம், இருந்தாலும் அங்கதான் போக சொல்வேன்). சம்பவம் நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டாகணும். அதுக்கு முன்னாடி வேணும்னா பயனீட்டாளர் சங்கத்துல புகார் கொடுங்க, அவங்க பேசிப் பார்ப்பாங்க, கட்டாயப்படுத்த முடியாது. ஏஜென்டுக்கு பயணத்துறைக் கழகத்தோட லைசன்ஸ் இருக்கான்னும் பாருங்க, இல்லன்னா அது அவருக்கு தனி தலைவலி.

அடுத்தது மணிக்கட்டு, இதுதான் பெரிய விஷயம். கவனக்குறைவால காயம்னு போடற வழக்க ஸ்மால் கிளெய்ம்ஸ்ல எடுக்க மாட்டாங்க, அது மாஜிஸ்திரேட் கோர்ட்டு, 60,000 வெள்ளி வரைக்கும், மூணு வருஷ கெடு. அதனால ஸ்மால் கிளெய்ம்ஸ் மனுவுல இது பேக்கேஜ் குறைகளுக்கு மட்டும், காயத்துக்கு இல்லன்னு தெளிவா எழுதிருங்க, மறந்துறாதீங்க.

ஏஜென்ட் என்ன சொல்றார்? வண்டி மலேசியாக்காரனோடது, நான் நடுவுல இருந்த ஆள்தான்னு. இதே பேச்சு ஹாங்காங்லயும் வந்துச்சு. அங்க ஒரு டூர் கம்பெனி ஆளுங்கள சீனாவுல ஒரு ஏரிக்கு கூட்டிட்டு போச்சு, ஏரிய கடக்க வேண்டிய ஃபெர்ரி போயிருச்சு, வேகப்படகுல ஏத்திவிட்டாங்க, படகு மோதி ஒரு பொண்ணு செத்துப்போச்சு. படகும் ஓட்டினவனும் கம்பெனியோடது இல்ல. ஆனா 1995ல லண்டன் பிரிவி கவுன்சில் (அப்ப ஹாங்காங் கேஸுக்கு கடைசி அப்பீல் கோர்ட்) பயணத் திட்டத்த எடுத்து படிச்சுது, அதுல வரிக்கு வரி "நாங்கள்"னு இருந்துச்சு, அப்ப செய்யறேன்னு சொன்னது நீங்கதான், வேற ஆள வச்சு செஞ்சாலும் அந்த வேலை நியாயமான கவனத்தோட நடக்கணும்னு நீங்கதான் பொறுப்புன்னு தீர்ப்பு. சிங்கப்பூர் கோர்ட்ட இது கட்டுப்படுத்தாது, ஆனா மதிப்பு உண்டு.

அதனால இன்னிக்கு ராத்திரியே உங்க பேக்கேஜ் பேப்பர எடுத்து "நாங்க" யாருன்னு பாருங்க. நீங்க அனுப்பின முதல் பக்கத்துல "நாங்கள் உங்களை ஏடிவி சாகசத்துக்கு அழைத்துச் செல்வோம்"னு இருக்கு, எனக்கு சிரிப்பே வந்துருச்சு. ஆனா ரெண்டாவது பக்கத்துல நாங்க முகவர் மட்டுமே, சேவை தர்றது இன்னாருன்னு பேர் போட்டு தெளிவா இருந்தா உங்க கை தாழ்ந்துரும், அத மறைக்க மாட்டேன்.

எந்த காயத்துக்கும் பொறுப்பில்லன்னு ஏஜென்டோட பேப்பர்ல ஒரு விதி இருக்கே, அதுக்கு பயப்படாதீங்க. 1977ம் வருஷத்து நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம் இங்கயும் செல்லும், கவனக்குறைவால வர்ற சாவுக்கும் காயத்துக்கும் வியாபாரம் பண்றவங்க விதி போட்டு தப்பிக்க முடியாது. கவனக்குறைவுன்னு நீங்க நிரூபிக்கணும், அவ்வளவுதான். ஏடிவி இடத்துல போட்ட கையெழுத்து வேற, அது மலேசிய ஆபரேட்டருக்கு கொடுத்தது, அவர் மேல போகணும்னா அந்த ஊர் சட்டம் தெரிஞ்ச வக்கீல பார்க்கணும்.

நிரூபிக்க உங்க கையில இருக்கறதுலயே பெருசு அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்காரர் ஏஜென்டுக்கு அனுப்பின வாட்ஸப், "பிரேக் சரியில்லன்னு சொன்னோமே"ன்னு. ஃபோன் மாத்தறதா இருந்தா முதல்ல அத பேக்கப் எடுங்க. கேமரன் மலையில தானா ராட்டா டவுன் கிளினிக் பில்லு, இங்க எடுத்த எக்ஸ்ரே, எம்சி (மருத்துவ விடுப்பு சீட்டு), பிசியோ ரசீது எல்லாம் ஒரே ஃபைல்ல. வேகமா போனீங்களான்னு கேப்பாங்க, போயிருந்தா உண்மைய சொல்லுங்க, தொகை கொஞ்சம் குறையும், கேஸ் சாகாது. டிராவல் இன்சூரன்ஸ் எடுத்திருக்கீங்கன்னா பாலிசில ஏடிவி விலக்குல இருக்கான்னு பார்த்துட்டு உடனே சொல்லிருங்க, சொல்ல வேண்டிய கெடு அதுலயே போட்டிருக்கும்.

ஏஜென்டுக்கு ஃபோன் பண்ணி சண்டை வேணாம். வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி இத மட்டும் வாட்ஸப்ல அனுப்புங்க: "வவுச்சர் வேண்டாம். எங்க கோரிக்கைய எழுத்துல அனுப்பறோம். வண்டியோட சர்வீஸ் விவரத்தையும் ஆபரேட்டரோட நீங்க போட்ட ஒப்பந்தத்தையும் பத்திரமா வச்சிருங்க." ப்ளூ டிக் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கங்க.