சனிக்கிழமைக் கூலி

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு, ஸ்தோத்திரம்.

நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். வீட்டு மாடியில் மிஷின் போட்டு நைட்டி தைத்துக் கொடுக்கிறேன். எம்.சி. ரோடு கடையிலிருந்து துணி வருகிறது. நான்கு பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு வேறு சபைக்குப் போய் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தேன். நகையைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன். வீட்டில் டிவி இல்லை. சனிக்கிழமை உபவாச ஜெபம், மாதக் கடைசி வெள்ளி முழு இரவு ஜெபம், எதையும் விடுவதில்லை.

ஆனாலும் சுத்தமான உணர்வு நிலைப்பதில்லை. ஞாயிறு ஆராதனையில் அழுது அறிக்கை செய்கிறேன், மனம் லேசாகிறது. திங்கள் காலை பழைய ஆள் திரும்பிவிடுகிறாள். வேலைக்கு வரும் பெண்கள் படியேறும்போதே காசு கேட்கிறார்கள். சனிக்கிழமை மதியமே நான் ஜெபத்துக்குப் போய்விடுவதால் கூலியைத் திங்களோ செவ்வாயோதான் கொடுக்க முடிகிறது. கடைக்காரரும் அப்போதுதான் தருகிறார். கோபத்தில் வரக்கூடாத வார்த்தை வந்துவிடுகிறது. பிறகு நாள் முழுக்கக் குற்ற உணர்வு. நான் முழுக்கு எடுத்தபோது உண்மையாக மனந்திரும்பியிருக்க மாட்டேன், மறுபடி ஞானஸ்நானம் எடுத்தால் இந்த அழுக்குப் போகும் என்று ஒரு சகோதரி சொல்கிறார். எடுக்கலாமா? "பரிசுத்தமில்லாமல் ஒருவனும் கர்த்தரைத் தரிசிப்பதில்லை" என்ற வசனம் என்னைத் தூங்கவிடவில்லை.

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

மறுபடி ஞானஸ்நானம் எடுக்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கேள்வியோடு இன்னொரு ராத்திரி நீங்கள் விழித்திருக்கக் கூடாது. முழுக்கா தெளிப்பா, குழந்தைக்கா பெரியவருக்கா என்ற வழக்கு நம் சபைகளில் தீராமல் கிடக்கிறது. அதற்குள் நான் போகவில்லை. எந்தப் பக்கம் நின்றாலும் "ஒரே ஞானஸ்நானம்" என்று எபேசியருக்குப் பவுல் எழுதியதை யாரும் அடித்துவிட முடியாது.

யோவான் 13-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இயேசு சீஷர்களின் காலைக் கழுவ வருகிறார். பேதுரு காலைத் தர மறுக்கிறார். கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்றதும் அப்படியே மறுபக்கம் சாய்ந்துவிடுகிறார்: காலை மட்டும் அல்ல, கையையும் தலையையும்கூடக் கழுவும் என்கிறார். நீங்கள் கேட்பதும் அதேதான். அவருக்குக் கிடைத்த பதில் உங்களுக்கும் பதில்: "முழுகினவன் தன் கால்களைமாத்திரம் கழுவவேண்டியதாயிருக்கும், மற்றப்படி அவன் முழுவதும் சுத்தமாயிருக்கிறான்." நீங்கள் முழுகினவர். நடக்கிற கால் அழுக்காகும், கழுவத்தான் வேண்டும். அதனால் முழுகினது இல்லை என்று ஆகிவிடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களைப் போல இளகிய மனச்சாட்சி உள்ளவர்களிடம் "இன்னும் ஏதோ பாவம் இருக்கிறது, தேடிப் பார்" என்று சொல்ல எனக்குப் பயம். மார்ட்டின் லூத்தர் துறவியாக இருந்த நாட்களில் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்வார், எதையாவது விட்டுவிட்டேனோ என்று திரும்பவும் வந்து நிற்பார். அதைக் கேட்ட அவருடைய குரு ஸ்டாபிட்ஸ் அலுத்தே போனார். லூத்தருக்குத் தப்பிக்க வழி கிடைத்தது. நம் பக்கத்தில் அது கிடைக்காமல் நொந்துபோனவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை இல்லாததற்கும், வீட்டுக்காரர் குடிப்பதற்கும், தீராத வயிற்று வலிக்கும் தன்னிடம் ஒளிந்திருக்கிற ஏதோ பாவமே காரணம் என்று நம்பவைக்கப்பட்ட பெண்கள். அப்படிப் போதிக்கிறவர்கள் ஒருநாள் கணக்கு ஒப்புவிக்க வேண்டியிருக்கும். ஆகவே ஒளிந்திருக்கிற எதையும் நான் உங்களைத் தேடச் சொல்லப்போவதில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் தேடாமலே கண்ணில் படுகிற ஒன்று இருக்கிறது. அறிக்கை செய்த பாவங்களோடு நீங்கள் அதைச் சேர்க்கவில்லை, காரணம் சொல்கிற இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கூலி திங்களோ செவ்வாயோதான் என்பது.

உங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் அந்தச் சனிக்கிழமையை அவர்கள் பக்கம் நின்று பாருங்கள். நோட்டில் அவரவர் பேருக்கு நேரே எத்தனை பீஸ் என்று எழுதியாகிவிட்டது. கட்டுக் கட்டாக நைட்டி மடித்து மூலையில் அடுக்கியாகிவிட்டது. நீங்கள் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு இறங்குகிறீர்கள். அவர்கள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறார்கள். சாயங்காலம் கடனுக்குத் தவணை வசூலிக்கிற தண்டல்காரர் வாசலில் வந்து நிற்பார். வாரக் கூலிக்காரர் வீட்டில் சனிக்கிழமை ராத்திரிதான் அரிசி, எண்ணெய் வாங்குவது. விடிந்தால் ஞாயிறு. காசிமேட்டில் கூட்டம் நெரியும், பிள்ளைகள் மீன் கேட்கும். இதையெல்லாம் கடனிலும் பொய்யிலும் சமாளித்துவிட்டுத் திங்கள் காலை உங்கள் மாடிப்படி ஏறுகிறார்கள். படியேறும்போதே கேட்கிறார்கள் என்று வருத்தப்படுகிறீர்கள். இரண்டு ராத்திரி பொறுத்திருந்துவிட்டல்லவா கேட்கிறார்கள்?

உங்கள் கோபம் அங்கேதான் பிறக்கிறது. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் வைத்திருக்கும்போது, கேட்கிறவர் முகமே நமக்கு எரிச்சலாகிவிடும். ஞாயிறன்று நீங்கள் கோபத்தை அறிக்கை செய்கிறீர்கள். கூலி நோட்டிலேயே இருக்கிறது. பிறகு திங்கட்கிழமை எப்படி வேறு மாதிரி விடியும்?

லேவியராகமம் 19-ஐ ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். "நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்றுதான் தொடங்குகிறது. அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள்: அறுக்கும்போது வயல் ஓரத்தை ஏழைக்கு விட்டுவிடு, செவிடனைத் திட்டாதே, குருடனுக்கு முன் தடுக்கல் வைக்காதே, படிக்கல்லும் மரக்காலும் சரியாக இருக்கட்டும். நடுவில், 13-ஆம் வசனம்: "கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது." பரிசுத்தத்துக்கென்றே எழுதிய அதிகாரத்தில் கூலி கொடுக்கும் நேரம் குறித்திருக்கிறது. ராத்திரி தாண்டக் கூடாது. உபாகமம் 24 இன்னும் நெருக்கமாகச் சொல்கிறது: பொழுது போகுமுன் கொடு, அவன் ஏழை, அதின்மேல் ஆவலாயிருக்கிறான், கொடாவிட்டால் உன்னைக் குறித்துக் கர்த்தரிடம் முறையிடுவான். நீங்கள் உபவாசத்தில் முழங்காலில் நிற்கிற அதே நேரத்தில் கொருக்குப்பேட்டையிலோ வ.உ.சி. நகரிலோ ஒரு பெண் உங்களைக் குறித்து முறையிட்டுக்கொண்டிருக்கலாம். இரண்டும் ஒரே சந்நிதிக்குத்தான் போகின்றன.

மல்கியா தீர்க்கதரிசி வரப்போகிறவரை "வண்ணாருடைய சவுக்காரத்தைப்போல" இருப்பார் என்கிறார். வண்ணாரப்பேட்டைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நமக்கு இது தூரத்து வசனம் இல்லை. கம்பெனிக் காலத்தில் துணி வெளுக்கிறவர்கள் குடியிருந்ததால் அந்தப் பேட்டைக்கு அந்தப் பேர் வந்தது. உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவியில் ராத்திரி முழுக்க வேகவைத்து, விடிந்ததும் கல்லில் அடித்து அலசி வெயிலில் காயப்போடுவார்கள். மேலாக ஒரு முறை நனைத்து எடுக்கிற வேலை அல்ல அது, அழுக்கு நூலுக்குள் எங்கே பிடித்திருக்கிறதோ அங்கே சூடு போய்ச் சேர வேண்டும். மல்கியாவில் அந்தச் சவுக்காரம் முதலில் யார்மேல் படுகிறது தெரியுமா? லேவியின் புத்திரர்மேல், ஆலயத்தில் காணிக்கை செலுத்துகிறவர்கள்மேல். இரண்டு வசனம் தள்ளி, 3-ஆம் அதிகாரம் 5-ஆம் வசனத்தில், கர்த்தர் யாருக்கு விரோதமாகச் சாட்சியாக வருகிறார் என்ற வரிசையில் சூனியக்காரரோடும் விபசாரரோடும் கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களும் நிற்கிறார்கள்.

நான் அபகரிக்கவில்லையே, இரண்டு நாள் தாமதம்தானே என்பீர்கள். உண்மைதான், நீங்கள் அந்த ஆள் இல்லை. அதனால்தான் இதை உங்களுக்கு எழுத முடிகிறது. ஆனால் வடசென்னையில் கூலிக்கும் மரியாதைக்கும் பெரிய வரலாறு இருக்கிறது. 1918-இல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களைச் சேர்த்து பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது இங்கேதான். உங்கள் மிஷினில் உட்காருகிற பெண்களின் தாத்தாக்களில் யாராவது அந்த ஆலையில் நின்று நெய்திருக்கலாம். தாமதக் கூலி எப்படி வலிக்கும் என்பது அந்த வீடுகளுக்குப் புதிதல்ல.

உங்கள் சபை போதிக்கிற பரிசுத்த உபதேசத்தின் வேரைத் தேடிப் போனால், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியிடம் போய் நிற்கும். அவர் 1739-இல் ஒரு பாடல் தொகுப்பின் முன்னுரையில், மனிதரோடு சேர்ந்த பரிசுத்தம் தவிர வேறு பரிசுத்தத்தைச் சுவிசேஷம் அறியாது என்று எழுதினார். உங்களைத் தூங்கவிடாத எபிரெயர் 12:14-ஐயும் முதலிலிருந்து வாசியுங்கள். "யாவரோடும் சமாதானமாயிருக்கவும், பரிசுத்தமுள்ளவர்களாயிருக்கவும் நாடுங்கள்" என்று ஆரம்பிக்கிறது. நீங்கள் பயந்தது பின்பாதிக்கு. முன்பாதியில் உங்கள் வீட்டு மாடி இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. கூலியைச் சரியாகக் கொடுத்தால் கர்த்தர் என்னைச் சுத்தமாக எண்ணுவார் என்று இதை இன்னொரு உபவாசமாக ஆக்கிவிடாதீர்கள். வரி வசூலிக்கிற சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னது, இயேசு அவன் வீட்டுக்கு வந்த பிறகு. கொடுத்ததால் அவர் வரவில்லை, அவர் வந்ததால் அவன் கை திறந்தது. உங்கள் வீட்டுக்கும் அவர் வந்தாயிற்று.

இனி செய்ய வேண்டியது. வேலைக்கு வருகிறவர்களிடம், இத்தனை நாள் காக்கவைத்தது என் தப்பு, பேசிய வார்த்தையும் தப்பு என்று நேராகச் சொல்லுங்கள். அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி. கர்த்தர் என்னோடு பேசினார் என்றெல்லாம் சேர்க்க வேண்டாம், மன்னிப்புக் கேட்பது உங்கள் பக்திக்குச் சாட்சி சொல்வதாக மாறிவிடும். என்னால் தண்டலில் வட்டி ஏறியதா என்று கேளுங்கள். ஏறியிருந்தால் அதைக் கொடுத்துவிடுங்கள்.

கடைக்காரர் திங்கட்கிழமைதான் தருகிறார் என்பது நிஜமான கஷ்டம். அவருடைய தாமதத்தை நீங்கள் கீழே தள்ளிவிடுகிறீர்கள், அது கடைசியில் தாங்க முடியாதவர் தலையில் போய் விழுகிறது. ஒரு வாரக் கூலி எப்போதும் உங்கள் கையில் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. பீரோவில் நகை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்காரரிடம் பேசிவிட்டு ஒரு வளையலை விற்றுவிடுங்கள். அடகு வேண்டாம், வட்டி ஏறும். அந்தப் பணத்தை வேறு எதற்கும் தொடாமல் சனிக்கிழமைக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் கொடுத்ததும் அதில் போட்டுவிடுங்கள். நகையைக் கழற்றியபோது இதை நினைத்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் இதைவிட நல்ல உபயோகம் அதற்கு எனக்குத் தெரியவில்லை.

கோபம் உடனே ஓடிப்போகாது. ராத்திரி படுக்குமுன் அன்றன்றைய வார்த்தைகளுக்குக் காலைக் கழுவிக்கொள்ளுங்கள். ஞாயிறுவரை சேர்த்து வைக்க வேண்டாம். சனிக்கிழமை உபவாசத்தை நிறுத்தாதீர்கள். ஆனால் நான்கு பேருக்கும் கூலியை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். ஜெபத்துக்கு அரை மணி நேரம் பிந்தினால் பிந்தட்டும். பாஸ்டர் கேட்டால் காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் சபையில் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள்.

அன்புடன்.