வாசகர் கேள்வி: ஏரோஜெல்லில் மோதிய வால்நட்சத்திரத் தூசி

கேள்வி: நாசாவின் ஸ்டார்டஸ்ட் விண்கலம் 2004-ல் வில்ட் 2 வால்நட்சத்திரத்தின் தூசியை ஏரோஜெல்லில் பிடித்ததாகப் படித்தேன். விநாடிக்கு 6 கி.மீ. வேகத்தில் மோதிய தூசி பொசுங்கிப் போயிருக்காதா? ஏரோஜெல் பஞ்சு மாதிரி இருப்பதால் தப்பித்ததா?

பதில்: பெரிய துணுக்குகள் தப்பித்தன, பொடித்தூசியில் பெரும்பகுதி பொசுங்கிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், இரண்டுக்கும் காரணம் ஏரோஜெல்லில் உள்ள நுண்துளைகள்தான்.

ஏரோஜெல் பஞ்சு கிடையாது, சிலிக்கா, கண்ணாடியின் மூலப்பொருள்தான். ஆனால் மேற்பரப்பில் 99 சதவீதத்துக்கு மேல் வெறும் இடைவெளி. அதே வேகத்தில் தூசி கெட்டியான கண்ணாடியில் மோதினால் அழுத்தம் பல பத்து கிகாபாஸ்கலுக்கு (ஒரு கிகாபாஸ்கல் என்பது காற்றழுத்தத்தைப்போல் சுமார் பத்தாயிரம் மடங்கு) எகிறி, தூசி அங்கேயே சிதறியிருக்கும். ஏரோஜெல்லில் அடர்த்தி அவ்வளவு குறைவு என்பதால் முதல் அதிர்ச்சி ஒரு கிகாபாஸ்கலைக்கூடத் தொடாது. துணுக்கு உள்ளே துளைத்துக்கொண்டு போய்க் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வேகம் இழக்கிறது.

சரி, அழுத்தம் குறைவு என்றால் சூடும் குறையும்தானே? அங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். மோதலில் கிளம்பும் அதிர்ச்சி அலையில் ஏறும் ஆற்றல் என்பது அழுத்தத்தையும் கன அளவு எவ்வளவு சுருங்கியது என்பதையும் பெருக்கி அதில் பாதி. கெட்டிக் கண்ணாடி கொஞ்சம்தான் சுருங்கும். ஏரோஜெல்லில் துளை எல்லாம் ஒரே நொடியில் நசுங்குவதால் கன அளவு தடாலென்று விழுகிறது, அந்த வேலை முழுவதும் சூடாக மாறிவிடுகிறது. கணக்குப் போட்டால் மோதும் இடத்தில் கிராமுக்கு சுமார் 18 கிலோஜூல் வருகிறது. சிலிக்காவை உருக்க அதில் சின்னப் பங்கே போதும். அப்புறம் இன்னொன்று: துளை மிக அதிகமாக இருந்தால் இந்தச் சூடே உள்ளிருந்து எதிர்த்துத் தள்ளும், அதனால் அழுத்தத்தை எவ்வளவு ஏற்றினாலும் ஏரோஜெல் கெட்டிக் கண்ணாடி அளவுக்கு இறுகாது.

2006-ல் தூசி பிடித்த பெட்டி பூமிக்கு வந்ததும் ஏரோஜெல்லுக்குள்ளே கேரட் வடிவத் தடங்கள் தெரிந்தன. சிலவற்றில் வாய்ப்பக்கம் பல்பு போல உப்பியிருந்தது. அந்த இடத்தை மெல்லிய கண்ணாடி ஊசிகளால் ஆப்பு ஆப்பாக அறுத்தெடுத்தார்கள். தடத்தின் நுனியில் ஒலிவின் போன்ற கனிமத் துணுக்குகள் முழுசாக இருந்தன. பல்பின் சுவரிலோ பொடித்தூசி உருகிய ஏரோஜெல்லோடு குழைந்து கிடந்தது. அதில் எந்தச் சிலிக்கா வால்நட்சத்திரத்துடையது, எது நம்முடையது என்று பிரிப்பதுதான் ஆய்வாளர்களுக்குப் பெரிய தலைவலி.