போக்கரில் தேர்ந்தவர் பங்குச்சந்தையிலும் வெல்வாரா?

ஓரளவுக்குத்தான். கூடவே வருவது சீட்டு நுணுக்கம் அல்ல, முடிவெடுக்கும் பழக்கம்.

1987இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் சஸ்குவெஹானா என்னும் நிதிச்சந்தை வணிக நிறுவனம், புதிதாகச் சேரும் வணிகர்களுக்குப் பயிற்சியிலேயே போக்கர் கற்றுத்தருகிறது. ஏன் என்று பாருங்கள். எதிராளியின் பந்தயத்தையும் சேர்த்து மேசையில் 500 டாலர் கிடக்கிறது. ஆட்டத்தில் நீடிக்க நீங்கள் 100 டாலர் போட வேண்டும். கடைசிச் சீட்டு வரவேண்டும்; கண்ணில் படாத 46 சீட்டுகளில் 9 உங்களுக்குச் சாதகம், அதாவது ஏறக்குறைய 20 சதவீத வாய்ப்பு. உங்கள் 100ஐயும் சேர்த்தால் மேசையில் 600; அதில் உங்கள் பங்கு ஆறில் ஒன்று, எனவே கணக்குப்படி 17 சதவீத வாய்ப்பு இருந்தாலே போதும். எனவே போடலாம். ஐந்தில் நான்கு முறை தோற்பீர்கள். அப்போதும் முடிவு சரியானதே! இதை முகம் சுளிக்காமல் விழுங்கத் தெரிந்தவருக்கு ஆப்ஷன் வணிகம், அதாவது குறித்த விலையில் பங்கை வாங்கவோ விற்கவோ உள்ள உரிமையை வாங்கி விற்பது, அந்நியமாகத் தோன்றாது.

ஆனால் சீட்டுக்கட்டில் இருப்பது 52 சீட்டுகள்தான். சந்தை என்னும் கட்டில் எத்தனை என்று யாரும் எண்ணியதில்லை. வாய்ப்பின் அளவையே நீங்கள்தான் ஊகிக்க வேண்டும். எதிராளியின் முகத்தைப் படிக்கும் திறமையோ அங்கே செல்லாக்காசு. திரைக்குப் பின்னால் பெரும்பாலும் கணினி நிரல்தான் உட்கார்ந்திருக்கிறது.