இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் நிர்வாகக் குழுவில் வங்கியாளரும் வழக்கறிஞரும் எதற்கு? அப்படிப்பட்ட அமைப்புக்கு நன்கொடை கொடுக்கலாமா?

நன்கொடை கொடுக்க நினைத்த ஓர் அமைப்பின் அறங்காவலர் பட்டியலைப் பார்த்ததாகவும், ஒன்பது பேரில் ஒருவர் மட்டுமே வனவிலங்கு படித்தவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மற்றவர்கள் வங்கி அதிகாரி, வழக்கறிஞர், விளம்பரத் துறைக்காரர், ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ்., தொழிலதிபர்கள். "காடு தெரியாதவர்கள் காட்டை எப்படிக் காப்பாற்றுவார்கள்?" என்பது உங்கள் கேள்வி.

நான் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். செங்கல்பட்டுப் பக்கம் ஏரிப் பறவைகளுக்காக நடக்கும் ஒரு சின்ன அறக்கட்டளையில் பதினோரு வருடமாகப் பொருளாளர். சம்பளம் கிடையாது. அதனால் உங்கள் கேள்வி எனக்கு நெருக்கமானது. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில், பாண்டா முத்திரையால் எல்லோருக்கும் தெரிந்த உலக இயற்கை நிதியம் எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். 1960-இல் உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி ஆப்பிரிக்காவுக்குப் போய்வந்து, அங்கே விலங்குகள் அழியும் வேகத்தைப் பற்றி லண்டன் அப்சர்வர் பத்திரிகையில் கட்டுரைகள் எழுதினார். படித்துவிட்டு அவருக்குக் கடிதம் எழுதியவர்களில் ஒருவர் விக்டர் ஸ்டோலன். அவர் விஞ்ஞானி இல்லை, ஹோட்டல் தொழில் செய்தவர். ஆராய்ச்சி செய்ய ஆள் இருக்கிறது, பணம் திரட்டத்தான் ஆள் இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். ஹக்ஸ்லி அவரை மேக்ஸ் நிக்கல்சன் என்ற அரசு அதிகாரியிடம் அனுப்பினார். பிரிட்டனின் இயற்கைப் பாதுகாப்புத் துறைக்குத் தலைமை வகித்தவர் அவர். ஒரு திட்டத்தைக் காகிதத்தில் இருந்து கட்டடத்துக்குக் கொண்டுவரும் வித்தை தெரிந்தவர். அப்புறம் பீட்டர் ஸ்காட் வந்தார். ஓவியர், 1936 ஒலிம்பிக்கில் படகுப் போட்டியில் வெண்கலம் வாங்கியவர், நீர்ப்பறவைகளுக்காக ஏற்கெனவே ஓர் அமைப்பை நடத்திக்கொண்டிருந்தவர். அந்தப் பாண்டாவுக்கு இறுதி வடிவம் கொடுத்ததும் அவர்தான். கை மவுண்ட்ஃபோர்ட் விளம்பர நிறுவன அதிகாரி. 1961 செப்டம்பர் 11-ஆம் தேதி சுவிட்சர்லாந்து சட்டப்படி அறக்கட்டளையாகப் பதிவு செய்தார்கள்.

இந்தப் பட்டியலை இன்றைக்கு இணையத்தில் பார்த்திருந்தால் நீங்கள் இதே கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். ஹோட்டல்காரர், விளம்பரக்காரர், ஓவியர்!

ஆனால் அந்த விளம்பரக்காரர் நம் நாட்டுக்கு என்ன செய்தார் தெரியுமா? மவுண்ட்ஃபோர்ட் அலுவலகம் போக மீதி நேரமெல்லாம் பறவைகளின் பின்னால் அலைந்தவர். புலிகள் அழிந்துவருவதைப் பற்றி இந்திரா காந்தியை நேரில் சந்தித்துப் பேசியவர். அவர் முன்னின்ற இயக்கம் 10 லட்சம் டாலர் திரட்டித் தருவதாக இறங்கியது. 1973 ஏப்ரல் 1-இல் இந்தியாவின் புலிகள் திட்டம் தொடங்கியது. திட்டம் நம் அரசுடையது, உழைப்பு நம் வனத்துறையுடையது. இருந்தாலும் ஒரு விலங்கின் கதையை உலகம் கேட்கும்படி சொல்லத் தெரிந்த ஒருவர் அந்த நேரத்தில் அங்கே இருந்தது பெரிய விஷயம். அந்தத் திறமையை விலங்கியல் வகுப்பில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

நம் ஊரிலும் இப்படி ஆட்கள் உண்டு. வரையாடுகளைப் பற்றிய முன்னோடி ஆய்வுகளில் ஒன்றை 1975-இல் செய்தவர் இ.ஆர்.சி. டேவிதார். தொழிலால் அவர் வழக்கறிஞர். அவர் நினைவாகத்தான் தமிழ்நாடு அரசு அக்டோபர் 7-ஐ வரையாடு நாளாக அறிவித்திருக்கிறது. நெல்லுக்காக அறியப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் 1984 முதல் 1990 வரை பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யூ.சி.என்.-இன் தலைவராக இருந்தார்.

சரி, எங்கள் அறக்கட்டளையின் கதைக்கு வருகிறேன். நான் சேர்ந்தபோது இருந்த ஐந்து பேரும் பறவை ஆட்கள். இரண்டு பேர் தாவரவியல் ஆசிரியர்கள், ஒருவர் ஓய்வுபெற்ற வனச்சரகர், ஒரு புகைப்படக்காரர், ஒரு மருத்துவர். தூரத்தில் பறக்கும் நத்தைகுத்தி நாரைகளை நூறு நூறாக எண்ணி, பிழையில்லாமல் குறிப்பேட்டில் எழுதுவார்கள். ஆனால் செலவு ரசீதுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. நாற்றங்கால் அமைக்க நிதி தர முன்வந்த ஒரு நிறுவனம், மூன்று வருடத் தணிக்கை அறிக்கை கேட்டது. இல்லை. அந்த நிதி போயிற்று. நல்ல மனிதர்கள், நல்ல வேலை, ஆனால் ஒரு பருவமழைக்காலம் முழுக்க மரக்கன்று நட முடியாமல் போனது. அந்த வருத்தத்தில்தான் என்னைத் தேடி வந்தார்கள்.

பிறகு 2021-இல் வருமான வரி விதி மாறியது. வரிச்சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவு வைத்திருந்த அறக்கட்டளைகள் எல்லாம் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்றானது. விட்டிருந்தால் உங்களைப் போல ஒருவர் தரும் நன்கொடைக்கு வரிச்சலுகை கிடைத்திருக்காது. வெளிநாட்டுப் பணம் வாங்கும் அமைப்புகளுக்கு இன்னும் கடினம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் உள்ள ஒரே ஒரு ஸ்டேட் வங்கிக் கிளை வழியாகத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முன்பு 50 இருந்தது. வாங்கிய பணத்தை இன்னொரு சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் கூடாது. இதையெல்லாம் படித்துப் புரிந்துகொள்ள ஒருவர் குழுவில் இல்லையென்றால், எத்தனை நல்ல பறவையியலாளர் இருந்தும் அமைப்பு ஒரு நாள் பூட்டப்படும். இது என் தொழில் பெருமைக்காகச் சொல்வதில்லை.

இப்போது மறுபக்கம். உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவே மாட்டேன்.

பாண்டா நிதியத்தின் முதல் தலைவர் நெதர்லாந்து இளவரசர் பெர்ன்ஹார்ட். பெரிய இடத்துக் கதவுகளெல்லாம் அவருக்குத் திறந்தன. 1976-இல் லாக்ஹீட் விமான நிறுவன ஊழலில் அவர் பெயர் வந்து பதவி விலகினார். அவருக்குப் பின் வந்த ஜான் லவுடன் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் தலைமையில் இருந்தவர். செல்வாக்கை மட்டும் பார்த்து ஆள் எடுத்தால், அந்தச் செல்வாக்கு எங்கிருந்து வந்ததோ அந்தச் சுமையும் கூடவே வரும்.

அமெரிக்காவின் நேச்சர் கன்சர்வன்சி இன்னொரு பாடம். 1951-இல் சூழலியலாளர்கள் தொடங்கியது. வளர வளர நிலம் வாங்கிப் பாதுகாப்பதே அதன் வழியானது. நிலம் என்றால் பணக்காரர்களும் தொழிலதிபர்களும் வருவார்கள், வந்தார்கள். 2003-இல் வாஷிங்டன் போஸ்ட் ஒரு தொடர் வெளியிட்டது. அமைப்பு நிலத்தை வாங்கி, அதில் கட்டுமானக் கட்டுப்பாடுகள் சேர்த்து, குறைந்த விலைக்குத் தன் அறங்காவலர்கள், ஆதரவாளர்கள் சிலருக்கே விற்றது. வாங்கியவர்கள் அமைப்புக்கு நன்கொடை கொடுத்து வரிக்கழிவும் பெற்றார்கள். செனட் நிதிக்குழு விசாரித்தது. அமைப்பு தன் உள்வட்டத்து ஆட்களுடன் நிலப் பேரம் செய்வதை நிறுத்தியது. ஆகவே குழுவில் தொழிலதிபர் இருக்கிறாரா என்று பார்த்து நிறுத்திவிடாதீர்கள். அவர் தொழிலும் அமைப்பின் நிலமும் எங்காவது உரசுகின்றனவா, உரசினால் அந்தத் தீர்மானத்தின்போது அவர் எழுந்து வெளியே போகிறாரா என்று கேளுங்கள். ஒழுங்கான அமைப்பு இதற்கு எழுத்தில் விதி வைத்திருக்கும், கேட்டால் காட்டும்.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது பணமில்லை. 2019-இல் பஸ்ஃபீட் செய்தித் தளம், பாண்டா நிதியத்தின் உதவி பெற்ற வனக்காவலர்கள் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் காட்டோர மக்களை அடித்ததாகவும் கொன்றதாகவும் குற்றச்சாட்டுகளை வெளியிட்டது. நிதியம் ஒரு தனிக் குழுவை நியமித்தது. தலைமை தாங்கியவர் நவநீதம் பிள்ளை. டர்பனில் தமிழ்க் குடும்பத்தில், ஒரு பஸ் ஓட்டுநரின் மகளாகப் பிறந்தவர். நிறவெறி ஆட்சிக் காலத்திலேயே வழக்கறிஞராகி, ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த பன்னாட்டுத் தீர்ப்பாயத்தில் நீதிபதியாகி, ஐ.நா. மனித உரிமை ஆணையராக உயர்ந்தவர். 2020 நவம்பரில் அறிக்கை வந்தது. நிதியத்தின் ஊழியர்கள் நேரடியாக அந்தக் கொடுமைகளில் ஈடுபட்டதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் கொடுத்த மனித உரிமை வாக்குறுதிகளைப் பல இடங்களில் காப்பாற்றவில்லை. புகார்கள் தெரிந்தும் உதவி தொடர்ந்திருக்கிறது.

இதில் என் மனதைத் தைப்பது ஒன்று உண்டு. பூர்வகுடி மக்களின் உரிமையை மதிப்போம் என்ற கொள்கையை அதே நிதியம் 1996-லேயே எழுதி வைத்திருந்தது. பெரிய பாதுகாப்பு அமைப்புகளில் முதலில் எழுதியதே அதுதான். தாளில் இருந்தது காட்டில் இல்லை. அந்த அமைப்பின் தலைமையில் பல பத்தாண்டுகளாக இளவரசர்கள், முன்னாள் பிரதமர், அமைச்சர், வங்கியாளர் எல்லாம் இருந்திருக்கிறார்கள். காவலரின் தடிக்கு முன்னால் நின்ற குடும்பத்தில் இருந்து ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால், அந்தப் புகார்கள் அத்தனை வருடம் கோப்பில் தூங்கியிருக்குமா? தூங்கியிருக்காது என்று நான் நம்புகிறேன்.

ஏன் நம்புகிறேன் என்றால், அதே தவற்றைச் சின்ன அளவில் நாங்களும் செய்தோம். பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் ஏரிக்குள் யாரும் இறங்கக் கூடாது என்று கரையில் ஒரு பலகை நட்டோம். குழுவில் ஒருமனதாக முடிவெடுத்தோம். எங்கள் ஆறு பேரில் அந்த ஊர்க்காரர் ஒருவரும் இல்லை. மூன்றாம் நாள் பலகை தண்ணீரில் கிடந்தது. சண்டை போடும் முன் ஊருக்குப் போய்ப் பேசலாம் என்று வனச்சரகர் சொன்னார், போனோம்.

ஒரு பெண்மணி எங்களைத் திண்ணையில் உட்காரவைத்துக் கேட்டார்: "எங்க ஊர்ல தீபாவளிக்குப் பட்டாசே வெடிக்கறதில்ல சார், குஞ்சுங்க பயந்துடும்னு. பறவை எச்சம் கலந்த தண்ணிதான் எங்க நெல்லுக்கு உரம். இது தெரியாம நீங்க யாருக்குப் பலகை வெச்சீங்க?" எங்களிடம் பதில் இல்லை. வேடந்தாங்கல் மக்கள் 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய், பறவைகளைச் சுடக் கூடாது என்று உத்தரவு வாங்கினார்கள் என்பதைக் கூட்டத்துக்குக் கூட்டம் மேடையில் சொல்பவர்கள் நாங்கள். பக்கத்து ஊருக்கும் அப்படி ஒரு வரலாறு இருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் எந்த மாதம் வலை போடுவார், எந்த மரத்தடிக்குப் போக மாட்டார் என்ற ஒழுங்கு அங்கே ஏற்கெனவே இருந்தது. பலகை எடுக்கப்பட்டது. அடுத்த வருடம் அந்த அம்மாவை அறங்காவலராகச் சேர்த்தோம்.

ஆகவே உங்கள் பட்டியலுக்கு என் பதில்: கொடுக்கலாம், இரண்டு விஷயம் கேட்டுவிட்டு. அந்த ஒன்பது பேரில் யார் எதற்குப் பொறுப்பு என்று கேளுங்கள். வங்கிக்காரர் கணக்கைப் பார்க்கிறாரா, வழக்கறிஞர் வழக்கைப் பார்க்கிறாரா, அல்லது பெயர்கள் அலங்காரத்துக்கா? கூட்டங்களுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை நல்ல அமைப்புகள் ஆண்டறிக்கையிலேயே போடும். இரண்டாவது, அமைப்பு வேலை செய்யும் காட்டிலோ கரையிலோ வாழ்கிறவர் ஒருவராவது ஓட்டுரிமையோடு அந்த மேசையில் இருக்கிறாரா என்று பாருங்கள். ஆலோசகர், விருந்தினர் என்றெல்லாம் தனியாக ஓரத்தில் போட்டிருந்தால் அது கணக்கில் சேராது. நீங்கள் அனுப்பிய விவரத்தில் அப்படி ஒருவர் தெரியவில்லை. எனக்கு அந்த வங்கியாளர் இருப்பதைவிட இவர் இல்லாததுதான் கவலை.

எங்கள் இணையப் பக்கத்தில் அறங்காவலர் விவரம் போட்டபோது, மருத்துவர், ஆசிரியர், வங்கி அதிகாரி என்று ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் எழுதிவிட்டு, அந்த அம்மா பெயருக்குப் பக்கத்தில் "உள்ளூர் பிரதிநிதி" என்று போட்டிருந்தோம். பேரன் போனில் படித்துக் காட்டியிருக்கிறான். அடுத்த கூட்டத்தில் என்னிடம் கேட்டார், "நீங்க பேங்க்ல கணக்குப் பாத்தீங்கன்னு போட்டிருக்கு. நானும் பன்னெண்டு வருஷமா குழுவுல பதினாலு பேரோட கடனுக்குக் கணக்குப் பாக்கறேன் சார். ஒரு தவணை தவறினதில்ல. அத ஏன் போடல?" அன்றைக்கே மாற்றினோம். இப்போது அங்கே "மகளிர் சுய உதவிக் குழுத் தலைவி" என்று இருக்கிறது. காசோலையில் என் கையெழுத்தோடு அவர் கையெழுத்தும் வேண்டும் என்று சென்ற வருடம் தீர்மானம் போட்டிருக்கிறோம்.